வீட்டோரத் தோட்டம்: பச்சையாகத் தின்னும் கீரை



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் சகோதரி எழுதியது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கம்.

"வாத்தியாரையா, எங்கள் மலையில் விளைகிற சலாட் கீரைதான் ஈப்போ, கோலாலம்பூர் பாசாருக்கெல்லாம் லாரி லாரியாகப் போகிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் நான் போட்டது மட்டும் ஒரு சாண்கூட எழும்ப மாட்டேன் என்கிறது. இலை மஞ்சளாகிப் போகிறது. வெள்ளை உரம் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. குளிருக்கா இங்கே பஞ்சம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் வேலை ஓய்வு. அப்புறம் இந்த வீட்டை விட்டுக் கொடுத்துவிட வேண்டும். பிறத்தியார் மண்ணுக்கு ஏன் பாடுபடுகிறாய் என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். கீழ்நாட்டில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்கள், "இது மலைக்காரர் விஷயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன். அது மட்டுமல்ல, பின்பகுதியில் நான் சொல்லப்போகும் சங்கதி எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

முதலில் பெயர். மலாய்க்காரர்கள் சலாட் என்கிறார்கள், சீனர்கள் சாங் சோய் என்கிறார்கள். தமிழ்நாட்டில் சிலர் இலைக்கோசு என்று எழுதுகிறார்கள். நான் சலாட் கீரை என்றே எழுதுகிறேன். பாசாரில் கேட்டால் கிடைக்க வேண்டுமல்லவா? ஒரு முற்றிய இலையைத் தண்டோடு கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் கசியும். இலத்தீன் மொழியில் 'லாக்' என்றால் பால். அதிலிருந்துதான் இந்தச் செடிக்கு லாக்டுக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாலில் மிகச் சிறிய அளவில் உண்மையான ரப்பரே இருக்கிறதாம். பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். செடி முற்ற முற்றவும், சூடு ஏற ஏறவும் இந்தப் பால் கூடும், கசப்பும் கூடும். இளசாகப் பறிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

பாசாரில் பார்த்திருப்பீர்கள். முட்டைக்கோசு போல உருண்டை கட்டுவது ஒரு வகை. நீட்டமாக நிமிர்ந்து நிற்பது ஒரு வகை. உருண்டை கட்டாமல் விரிந்து, சுருள் சுருளாக, பச்சையிலும் சிவப்பிலும் வருவது இன்னொரு வகை. வீட்டுக்கு இந்த விரி இலை வகைதான் ஏற்றது. உருண்டை வகைக்கு 70, 80 நாள் பிடிக்கும். மழைக் காலத்தில் உருண்டைக்குள் தண்ணீர் தங்கி அழுகும். விரி இலை 45, 50 நாளில் கைக்கு வரும். அதுவும் முழுச் செடியை வெட்ட வேண்டியதில்லை. வெளி இலையை ஒடித்துக்கொண்டே வரலாம், உள்ளே துளிர்த்துக்கொண்டே வரும்.

இனி குளிர். சலாட்டுக்கு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் ராஜ வாழ்வு. ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் சூடு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்தில் ரிங்லெட் வருவதற்குள் பிள்ளைகளுக்குக் குளிர்ச் சட்டை மாட்டிவிடுகிறோமே, அது இந்தக் கணக்குத்தான். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். கீழ்நாட்டைவிட 8, 9 டிகிரி குறைவு. வருஷம் முழுக்கச் சராசரி 18 டிகிரி அளவில் நிற்கிறது. உறைபனி கிடையாது. ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. அங்கே கோடையில் பகல் 16 மணி நேரம்கூட நீளும். நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் சலாட் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூத்தண்டை நீட்டிவிடும். நமக்குப் பகல் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே மலையில் எந்த மாதமும் விதைக்கலாம். சகோதரி சொன்னது சரி. குளிருக்குப் பஞ்சமில்லை.

குறை மண்ணில் இருக்கிறது. சொல்லப்போனால் மண்ணின் குறைகூட இல்லை; அது தேயிலைக்கு ஏற்ற மண். 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நம் மக்கள் காட்டை வெட்டிக் கன்று நட்டார்கள். அந்த மலைச் சரிவுகள் தேயிலைக்குப் பிடித்துப்போனதற்குக் குளிரும் மழையும் மட்டும் காரணமல்ல, மண்ணின் புளிப்பும் ஒரு காரணம். மண்ணின் புளிப்பைப் பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தேயிலை 4.5க்கும் 5.5க்கும் இடையில் செழிக்கும். சலாட் கீரைக்கு 6க்கு மேல் வேண்டும். நமக்கு ரசம் எவ்வளவு புளித்தாலும் இறங்கும். பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் லயத்துக்குப் பின்னால் நடக்கிறது.

புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டும் நிலைக்கு வந்துவிடும். தேயிலைச் செடி அதைத் தன் முதிர்ந்த இலைகளில் வாங்கி அடக்கி வைத்துக்கொள்ளும், அதற்கு ஒன்றும் ஆவதில்லை. சலாட் வேரின் நுனியோ கருகி நின்றுவிடும். வேர் நின்றால் மேலே செடி மஞ்சளாகாமல் என்ன செய்யும்? இன்னொன்றையும் கவனியுங்கள். சகோதரி போட்ட வெள்ளை உரம் அம்மோனியம் சல்பேட்டாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது மண்ணை மேலும் புளிக்க வைக்கும் உரம். உரம் போட்ட பிறகு மோசமானது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மண் புளித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதிக்கும் கருவி விவசாயப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். கருவி இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. ரெசாம் என்னும் பன்னமும், ஊதாப் பூப் பூக்கும் செண்டுடுக்கும் தானாக மண்டிக் கிடந்தால் அது புளிப்பு மண். இதைவிட அழகான சாட்சி ஒன்று மலையில் பல வீட்டு வாசலிலேயே நிற்கிறது. பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைச் சொல்கிறேன். அந்தச் செடி புளித்த மண்ணில் நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். (வெள்ளைப் பூ வகை மட்டும் நிறம் மாறாது, அதை வைத்து ஏமாறாதீர்கள்.) நீலத்தைக் கொடுப்பது நான் மேலே சொன்ன அதே அலுமினியம்தான். உங்கள் வாசலில் நீலப் பூ என்றால், சுண்ணாம்பு போடாமல் சலாட் விதைக்காதீர்கள்.

என்ன சுண்ணாம்பு? வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேண்டாம். அது காரம் மிகுந்தது, அளவு தவறினால் வேரைச் சுடும். ஜி.எம்.எல். என்று கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்புக் கல்லைத் தூளாக அரைத்தது, மக்னீசியமும் சேர்ந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் வரை போடலாம். 1 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 1 கிலோ போதும். மேலே தூவிவிட்டால் மட்டும் பலனில்லை, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஈரத்தில் விட்டுவிட்டுப் பிறகு நடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. மூக்கைப் பிடிக்கும் நெடி கிளம்புகிறதே, அது உங்கள் உரச் சத்துக் காற்றோடு போகிற நெடி. விறகடுப்பு வைத்திருப்பவர்கள் சாம்பலையும் கொஞ்சம் சேர்க்கலாம். முட்டை ஓடு நல்லதுதான், ஆனால் அது கரைந்து வேலை செய்வதற்குள் உங்கள் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவான்.

நான் பாடம் சொல்லும் மலைப் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பாத்தி பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்றில் சுண்ணாம்பு, மற்றதில் இல்லை. விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, நட்ட நாளும் ஒன்று. ஒரு மாதத்தில் ஒரு பாத்தியில் உள்ளங்கை அகல இலை. மற்றதில் விரல் நீளத்துக்கு மேல் இல்லை. அறிவியல் பாடத்தில் ஒரு வாரம் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதைப் பிள்ளைகள் இடைவேளையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயுள் முழுக்க உழைத்த இடத்தில் ஒரு சாண் மண் தன்னுடையது இல்லை என்பவர் பேசுகிற பேச்சு அது. ஓய்வுக்குப் பிறகு எந்தக் கூரையின் கீழே இருப்பது என்ற கவலையை ஒரு கீரைப் பாத்தி தீர்க்காது, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். அந்தச் சேமிப்பையும் வீட்டு யோசனையையும் இன்றைக்கே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் தென்னையோ ரம்புத்தானோ நடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மரம் நட்டவர் போன பிறகுதான் காய்க்கும். இது 50 நாள் பயிர். இரண்டு வருஷத்தில் பத்து முறைக்குக் குறையாமல் எடுப்பீர்கள். போட்ட சுண்ணாம்பும் மழையில் மெல்ல மெல்லக் கரைந்து போகிற ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு முறை கொஞ்சம் சேர்த்தாக வேண்டும். நீங்கள் போடும் ஒரு கிலோவை நீங்களே தின்று தீர்த்துவிட்டுத்தான் போவீர்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையானால் பாலிபேக்கில் நடுங்கள். செம்பனைக் கன்று வளர்க்கும் கறுப்புப் பைகள் நமக்குத் தெரியாதவையா? மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு, ஒரு கைப்பிடி ஜி.எம்.எல். பைக்குக் கீழே ஓட்டை இருக்கட்டும். வீடு மாறும் நாளில் லாரியில் பாத்திரம் பண்டத்தோடு இதையும் ஏற்றலாம்.

விதைக்கு வருவோம். சலாட் விதை மிகச் சிறியது; 1 கிராமில் ஏறக்குறைய 800 முதல் 1,000 விதை இருக்கும். மிளகாய் விதையைப் போலப் புதைத்துவிடாதீர்கள். இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, விதை மறைந்தும் மறையாமலும் இருக்கும்படி பொடி மண் தூவினால் போதும். பால் டின், முட்டைத் தட்டு எதிலும் விதைக்கலாம். மலைக் குளிரில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். மூன்று வாரத்தில் நாலு இலை வந்ததும், வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்து, 20 முதல் 25 செண்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். நடுக்குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது, போனால் அழுகும். ஒரேயடியாகப் பொட்டலம் முழுவதையும் விதைத்துவிட்டு, பிறகு ஒரே வாரத்தில் நாற்பது செடியை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு சிட்டிகை போதும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு தடவைக்கு எட்டுச் செடி தாராளம்.

கீழ்நாட்டு அன்பர்களுக்கு இதோ உங்கள் பத்தி. 30 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் சலாட் விதை முளைக்காமல் தூங்கிவிடும். விதை கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஈரத் துணியில் சுற்றி, மூடியிட்ட டப்பாவில் வைத்து, ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்துவிட்டு, மாலையில் விதையுங்கள். காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கத் தாழ்வாரம் நல்லது. விரி இலை வகையாகப் பார்த்து, 30, 35 நாளில் இளசாகவே பறித்துவிடுங்கள். உருண்டை கட்டும் வகைக்கு ஆசைப்பட வேண்டாம். என்னைக் கேட்டால், கீழ்நாட்டில் சிரமமில்லாமல் வருவது கங்கோங், தண்டுக்கீரை, பசலை. அவற்றை விட்டுவிட்டு இதற்காக மெனக்கெடுவது பிள்ளைகளின் ஆசைக்காக வேண்டுமானால் செய்யலாம்.

மலையில் மழையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் கொட்டும் மழைக்குச் சலாட் தாங்காது. இலை கிழிவது பெரிதல்ல. மண் தெறித்து அடி இலையில் ஒட்டி, அங்கிருந்து அழுகல் தொடங்கும். பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். சரிவான இடமானால் தேயிலை வரிசை போகிற மாதிரி மலைக்குக் குறுக்கே பாத்தி போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் மண் உங்கள் கண் முன்னாலேயே ஓடைக்குப் போகும். மலையில் வெட்டிய மண்ணெல்லாம் ஆற்றில் இறங்கி ரிங்லெட் அணைக்கட்டைத் தூர்த்துக்கொண்டு வந்ததும், 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதும் மலைவாசிகளுக்கு மறக்காது. நம் ஒரு பாத்தி மண் அணையை நிரப்பாதுதான். ஆனாலும் நம் மேல்மண் நம்மிடம் இருக்கட்டும்.

பெரிய தோட்டக்காரர்கள் மலை முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பதைப் பார்க்கிறீர்கள். வீட்டுக்கு நாலு மூங்கிலும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பும் போதும். இடுப்பு உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரை இலை மேல் ஊற்றாமல், காலையில் அடியில் ஊற்றுங்கள்.

இனிமேல் சொல்வதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். இவ்வளவு நேரம் சொன்னது செடி பிழைக்க. இது நம் பிள்ளைகள் பிழைக்க.

நம் வீட்டில் சமைக்கும் முருங்கை, தண்டுக்கீரை எல்லாம் கொதியில் வெந்துதான் இலைக்கு வருகிறது. சலாட் அடுப்பைப் பார்ப்பதில்லை. அதன் மேல் பட்டது எதுவோ அது அப்படியே பிள்ளையின் வாய்க்குப் போகிறது. ஆகவே மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது எரு. பச்சைக் கோழி எரு மலிவு, செடியும் கிடுகிடுவென்று வளரும். மலையில் ஈத் தொல்லைக்கு அதுவும் ஒரு காரணம் என்பது ஒரு பக்கம். அதில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் உயிரோடு இருக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம். அமெரிக்காவில் இயற்கை வேளாண்மைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மண்ணைத் தொட்டு வளரும் பயிரானால் பச்சை எரு போட்டு 120 நாள் கழிந்த பிறகுதான் அறுவடை செய்யலாம். நம் கீரைக்கு ஆயுளே 50 நாள்! கணக்கைப் பார்த்தால் பச்சை எருவுக்கு இங்கே இடமே இல்லை. குவித்து, மூடி, இரண்டு மூன்று முறை புரட்டி, சூடும் நாற்றமும் அறவே போன பிறகு, சில மாதம் மக்கியதையே போடுங்கள். அதற்கு இடமில்லாதவர்கள் பதப்படுத்திய குருணை எருவாக வாங்குங்கள்.

இரண்டாவது தண்ணீர். லயத்துச் சாக்கடையை ஒட்டிப் பாத்தி போட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். வாழைக்கு அது சரி. சலாட்டுக்குக் குழாய்த் தண்ணீர் அல்லது மூடி வைத்த தோம்பில் பிடித்த மழைத் தண்ணீர். காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடி வரும் ஓடைத் தண்ணீரும் வேண்டாம். மேலே என்ன அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

மூன்றாவது மருந்து. இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கமில்லை, யார் கோபித்தாலும் சரி. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! மிச்சம் மீதியை ஒரு சிறு புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. புல் மருந்தான பாராகுவாட்டை 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஒரு மிடறு போதும் உயிரைக் குடிக்க, மாற்று மருந்து கிடையாது. பழைய புட்டி எங்காவது கொட்டகை மூலையில் கிடந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாமல் உடனே அலுவலகத்தில் சொல்லி ஒப்படையுங்கள். தடை செய்யாத மருந்துகளும் கீரைக்கு ஆகாதவைதான். தேயிலைக்கோ செம்பனைக்கோ என்று சொல்லி வந்த மருந்துக்குச் சலாட்டில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எந்த லேபிளும் சொல்லப்போவதில்லை. சில மருந்து இலையின் உள்ளேயே ஊடுருவி நிற்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்த எதுவும் உங்கள் பாத்தியைத் தொடக் கூடாது. மருந்து வந்த தோம்பு, காலி டின், அடிக்கும் பம்பு, ஒன்றும் வேண்டாம். மருந்தடித்துவிட்டு வந்து உடுப்பு அலசும் தண்ணீரும் பாத்திப் பக்கம் போகக் கூடாது.

அப்படியானால் பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். எட்டுச் செடிக்கு இரண்டு கை போதாதா? நத்தையும் ஓடில்லாத நத்தையும் இரவில்தான் வரும். பிள்ளைகளிடம் டார்ச் லைட்டைக் கொடுத்து, உப்புத் தண்ணீர் வைத்த டின்னில் பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். தொடுவதற்கு ஒரு குச்சியோ கையுறையோ கொடுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். இலைக்கடியில் கூட்டமாக ஒட்டும் செடிப்பேனுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து தெளித்து, சற்று நேரம் கழித்து வெறும் தண்ணீரால் அலம்பிவிடுங்கள். இலையில் வெள்ளைக் கோடு கோடாக ஓடினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த இலையை ஒடித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அடித்தண்டு அழுகிய செடியைப் பார்த்து இரக்கப்படாமல் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

பறிப்பதற்கு விடியற்காலை நல்ல நேரம். இலை தண்ணீர் குடித்து மொடமொடவென்று இருக்கும். நடுத்தண்டு கூம்பு போல மேலே எழும்பத் தொடங்கிவிட்டால் இனி கசக்கும் என்று அர்த்தம். இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சிறு பூச்சி உதிரும். கிருமி சாகும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

சத்து? சலாட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். முருங்கைக் கீரையோடு போட்டிக்கு நிற்க முடியாது. கரும்பச்சையும் சிவப்பும் உள்ள இலைகளில் வெளிறிய உருண்டை வகையைவிடச் சத்து அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கீரை என்றாலே முகத்தைத் திருப்பும் பிள்ளை இதை மொறுமொறுவென்று கடிப்பான், அதுதான் இதன் பெருமை. நம் வாய்க்கு எண்ணெயும் புளிக்காடியும் பிடிக்காவிட்டால், நெத்திலிச் சம்பலை ஒரு இலையில் வைத்து மடித்துச் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். இலையைக் கிழித்துத் தேங்காய்ப்பால் சொதியில் இறக்கும் நேரத்தில் போட்டாலும் நன்றாயிருக்கும். சீனர்கள் பூண்டோடு ஒரு நிமிடம் வதக்கி இறக்கிவிடுவார்கள். சாங் சோய் என்ற பெயர் அவர்கள் காதில் செல்வம் பெருகுவதைப் போல ஒலிக்குமாம். சீனப் பெருநாளில் சிங்க நடனச் சிங்கம் எட்டிப் பறித்து வீசுகிறதே, அந்தப் பச்சை இதுதான்.

இனி விதை. ஒவ்வொரு முறையும் பொட்டலம் வாங்க வேண்டியதில்லை. பாத்தியில் ஆகச் செழிப்பாக, ஆகப் பிந்தித் தண்டு விட்ட ஒரு செடியைப் பறிக்காமல் பிளாஸ்டிக் கூரையின் கீழேயே விட்டுவிடுங்கள். இடுப்பு உயரத்துக்கு எழும்பி, சிறு சிறு மஞ்சள் பூவாகப் பூக்கும். செவ்வந்தி, சூரியகாந்திக் குடும்பம் அது. தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் பெரும்பாலும் தாய்ச் செடியைப் போலவே பிள்ளையும் வரும். பூத்த இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு காகிதப் பைக்குள் பூங்கொத்தைக் கவிழ்த்துத் தட்டினால் விதை உதிரும். நிழலில் நன்றாகக் காயவைத்து, மூடி இறுக்கமான சிறு புட்டியில் போட்டு, நாலு அரிசியும் ஒரு காகிதத் துண்டில் தேதியும் சேர்த்து மூடுங்கள். குளிர்ந்த இடத்தில் மூன்று வருஷம்போல் முளைப்புத் திறன் இருக்கும். சகோதரி வீடு மாறும் நாளில் அந்தப் புட்டி கைப்பையில் அடங்கும். போகிற இடத்து வாசலில் ஹைட்ரேஞ்சியா என்ன நிறத்தில் பூக்கிறது என்று பார்த்து எனக்கு ஒரு கடிதம் போடட்டும்.